‘அன்லாக்டு’ என்றால் பூட்டாததா, பூட்டைத் திறந்ததா?

#1 மைக்கூடு

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு கருவியின் பயனர் கையேட்டைச் செய்துகொண்டிருந்தேன். பெட்டியைப் பிரித்துக் கருவியைப் பொருத்துவது பற்றிய பக்கம். ‘அன்பேக்டு’ பொருள்களையெல்லாம் சமதளத்தில் பரப்பி, பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அதில் ஒரு வரி. நான் ‘பெட்டியில் அடைக்கப்படாத பொருள்களை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் அதைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: ‘அடைக்கப்படாத பொருள் எந்த வழியாக வந்து சேர்ந்தது?’

சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். பள்ளியில் படித்த காலத்திலிருந்து என்னிடம் இருப்பது ஒரே சூத்திரம்தான். ‘அன்’ வந்தால் ‘இல்லை’. அன்ஹாப்பி, மகிழ்ச்சி இல்லை. அன்கிளியர், தெளிவு இல்லை. அன்ஃபேர், நியாயம் இல்லை. இத்தனை நாள் அதுவே போதுமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அன்டூ என்பது ‘செய்யாமல் இருப்பது’ கிடையாது, அன்டை என்பது ‘கட்டாமல் விடுவது’ கிடையாது. அப்படியானால் என் சூத்திரம் அரைகுறையா, மொத்தமாகவே தப்பா?

#2 சுண்ணக்கட்டி

அரைகுறைதான் தம்பி, தப்பில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன், நாங்களும் அந்தப் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

ஆங்கிலத்தில் ‘அன்’ இரண்டு உண்டு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு. தமிழில் ‘ஆறு’ எண்ணாகவும் நதியாகவும் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ‘அன்’ பெயரடையோடு சேரும். அன்கைண்டு, அன்ட்ரூ, அன்சேஃப். அந்தப் பண்பு இல்லை என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பழைய ஆங்கிலத்திலேயே இது ‘உன்’ என்று இருந்தது.

இரண்டாவது ‘அன்’ வினையோடு சேரும். டை என்றால் கட்டு, அன்டை என்றால் அவிழ். ஃபோல்டு என்றால் மடி, அன்ஃபோல்டு என்றால் விரி. இங்கே ‘இல்லை’ என்ற பேச்சே இல்லை. ஒரு செயல் ஏற்கெனவே நடந்திருக்கிறது, இப்போது அதைப் பின்னோக்கி நடத்துகிறோம். இதற்குப் பழைய வடிவம் ‘ஒன்’, அதற்கும் பின்னால் போனால் ‘எதிரே’ என்ற பொருளுடைய ‘அண்ட்’ போன்ற ஒரு சொல். ஜெர்மன் மொழியில் இரண்டும் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. இல்லாமைக்கு ‘உன்’, பின்னோக்கிய செயலுக்கு ‘எண்ட்’. மூடு என்ற டெக்கன் வினையோடு ‘எண்ட்’ சேர்ந்தால் எண்ட்டெக்கன், அதாவது மூடியிருந்ததை வெளிப்படுத்து, கண்டுபிடி. ஆங்கிலத்தில்தான் இரண்டும் தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்துவிட்டன.

அந்தப் பழைய ‘அண்ட்’ நாம் தினமும் சொல்கிற ஒரு வார்த்தையில் உறைந்து கிடக்கிறது. ஆன்சர். அதன் முதல் பாதி அதுதான். எதிராகச் சத்தியம் செய்து மறுப்பது என்பதுதான் ஆரம்பப் பொருள்.

இனி உங்கள் சிக்கல். பேக் என்ற வினையின் பேக்டு வடிவம் பெயரடை மாதிரியும் நடந்துகொள்ளும். அதனால் அதன் முன்னால் முதல் ‘அன்’னும் வந்து உட்காரலாம். அல்லது அன்பேக் என்ற வினை முதலில் உருவாகி, அதற்குப் பிறகு பின்னால் ‘டு’ ஒட்டியிருக்கலாம். முதல் வழியில் போனால் அடைக்காதது. இரண்டாம் வழியில் போனால் அடைத்திருந்து வெளியே எடுத்தது. கையேடு சொன்னது இரண்டாவது.

#3 வால்நட்சத்திரம்

அப்படியென்றால் கதவு அன்லாக்டு என்று எழுதியிருந்தால் உள்ளே போகலாமா, கூடாதா?

#4 சுண்ணக்கட்டி

போகலாம். எந்தப் பொருளை எடுத்தாலும் போகலாம். அதனால்தான் இந்தக் குழப்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ராத்திரி யாரோ திறந்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று விசாரிக்க வருபவருக்கு மட்டும் இந்த வித்தியாசம் தேவைப்படும்.

#5 மைக்கூடு

நன்றி ஐயா. தம்பி இல்லை, தங்கை. :)

இரண்டு ‘அன்’ என்பது புரிகிறது. ஆனால் ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் இது எந்த ‘அன்’ என்று எப்படிப் பிடிப்பது? வினையா பெயரடையா என்று பார்க்கலாம் என்றால், ‘டு’வில் முடிகிற இடத்தில்தானே மாட்டிக்கொள்கிறேன்.

#6 ஒற்றுப்பிழை

நானும் மொழிபெயர்ப்புத் தொழில்தான். நான் வைத்திருக்கும் சோதனை ஆங்கில இலக்கணத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

தமிழில் வினையை மறுக்கும்போது மறுப்பு வால்பக்கம் வரும். செய்யாத, பார்க்காத, எதிர்பாராத. முன்னால் எதையும் ஒட்டுவதில்லை. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் அந்த இடத்தில் ‘ஆத’ போட்டுப் பாருங்கள். அன்எக்ஸ்பெக்டட், எதிர்பாராத. அன்ரிட்டன், எழுதாத. அன்ஸோல்டு, விற்காத. பொருந்தினால் அது முதல் ‘அன்’, இல்லாமையைச் சொல்வது.

‘ஆத’ போட்டதும் வாக்கியம் நொண்டினால், தமிழில் வேறொரு வினையைத் தேட வேண்டியிருக்கும். கட்டு என்பதற்கு அவிழ். மாட்டு என்பதற்குக் கழற்று. சுருட்டு என்பதற்கு விரி. மூடு என்பதற்குத் திற. சிக்க வை என்பதற்கு விடுவி. இப்படி வேறு வினை தேவைப்படுகிற இடமெல்லாம் இரண்டாவது ‘அன்’. ஆங்கிலம் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. நம்மிடம் ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி. கொத்து கனம்தான், ஆனால் எந்தச் சாவி எதற்கு என்பதில் குழப்பம் வருவதில்லை.

இந்தச் சோதனையை அன்லாக்கபிள் என்ற சொல்லில் வைத்துப் பாருங்கள், நன்றாக வேலை செய்யும். லாக்கபிள் முதலில் அமைந்து, அதன் முன்னால் ‘அன்’ வந்தால் ‘பூட்ட முடியாத’. அன்லாக் முதலில் அமைந்து, அதன் பின்னால் ‘ஏபிள்’ வந்தால் ‘பூட்டைத் திறக்கக்கூடிய’. ஒரே சொல், கிட்டத்தட்ட எதிரெதிரான இரண்டு செய்தி. கதவைப் பற்றிப் பேசினால் முதலாவதாக இருக்கலாம். கணினி விளையாட்டில் வரும் அன்லாக்கபிள் கட்டம் நிச்சயமாக இரண்டாவது, ஆடி ஜெயித்தால் திறந்துகொள்ளும். அன்டூவபிள் என்பதும் இதே ரகம். அன்டூவபிள் வேலை என்றால் செய்யவே முடியாதது. அன்டூவபிள் கட்டளை என்றால், கொடுத்த பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளக் கூடியது. இந்த இரண்டையும் மாற்றி மொழிபெயர்த்தால் பயனர் அழுவார்.

#7 காகிதக்கப்பல்

ஒற்றுப்பிழை அவர்களின் சோதனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒழுங்காக நடந்துகொள்ளாத சில ஆட்களும் உண்டு.

அன்ராவல் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைப் பிரிப்பது. சரி, அப்படியானால் ராவல் என்றால் நூலைச் சிக்கலாக்குவதா? அகராதியைப் பார்த்தால் ராவல் என்பதற்கும் ‘பிரி’ என்ற பொருள் இருக்கிறது. லூஸன் என்றாலும் தளர்த்து, அன்லூஸன் என்றாலும் தளர்த்து. இங்கே ‘அன்’ எதையும் மறுக்கவில்லை, பின்னோக்கித் திருப்பவும் இல்லை. வினையிலேயே அவிழ்க்கிற பொருள் இருக்கிறது, அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பெயர்ச்சொல்லோடு சேருகிற ஒரு கூட்டம். அன்எர்த் என்றால் மண்ணிலிருந்து வெளியே எடு. அன்சீட் என்றால் இருக்கையிலிருந்து இறக்கு, தேர்தலில் தோற்கடித்துப் பதவியைப் பறிப்பதற்கும் இதையே சொல்வார்கள். அன்நெர்வ் என்றால் தைரியத்தைப் பிடுங்கு. ‘இருந்த இடத்திலிருந்து நீக்கு’ அல்லது ‘இருந்த ஒன்றைப் பறி’ என்பது பொருள். ‘ஆத’ இங்கே எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒட்டாது.

#8 ஒற்றுப்பிழை

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்எர்த், அன்சீட் இரண்டுமே ‘ஆத’ சோதனையில் விழுந்து, வேறு வினை தேடு என்ற பக்கம்தானே போகின்றன? என் சோதனைக்குச் சேதாரம் ராவல், லூஸன் ஜோடியில் மட்டும்தான். அவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

#9 நிரல்காரன்

மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ‘அன்’னை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம். அன்இன்ஸ்டால், அன்சப்ஸ்கிரைப், அன்மியூட், அன்ஃபாலோ, அன்ஜிப். எந்தப் பொத்தானை வைத்தாலும் அதற்குத் திரும்பும் வழி ஒன்று வேண்டும், அதற்குப் பெயர் வைக்க இதைவிட மலிவான முன்னொட்டு கிடையாது.

ஆனால் எங்கள் திரைகளில் முதல் ‘அன்’னும் சம அளவில் இருக்கும். அன்சேவ்டு மாற்றங்கள் என்றால் இன்னும் சேமிக்காதவை, சேமித்ததைத் திரும்பப் பெற்றவை இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் வரும் அன்டிஃபைன்டு என்பது மதிப்பு தரப்படாதது.

வேடிக்கையானது அன்ரெட். மின்னஞ்சலில் புதிதாக வந்தது அன்ரெட், அதாவது படிக்காதது. முதல் ‘அன்’. ஒரு மடலைப் படித்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று ‘அன்ரெட் எனக் குறி’ என்பதை அழுத்துகிறோம். இப்போது அது படித்து முடித்த மடல், ஆனாலும் பெயர் அன்ரெட். மடல் ‘படிக்காத’ நிலைக்குத் திரும்பிவிட்டது, நாம்தான் திரும்ப முடியாது. இதைத் தமிழில் ‘படிக்காததாகக் குறி’ என்று வைத்துவிட்டோம், பயனர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை.

அன்ஃப்ரெண்டு பற்றி ஒரு தகவல். நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி 2009-ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. சமூக வலைத்தளம் பெற்ற பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் தாமஸ் ஃபுல்லர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1659-லேயே அதை வினையாக எழுதியிருக்கிறார். நமக்குள் வந்த கருத்து வேறுபாட்டால் நட்பு முறிந்துபோகவில்லை என்று நம்புகிறேன் என்ற அர்த்தத்தில்.

#10 வால்நட்சத்திரம்

1659-இல் கருத்து வேறுபாட்டுக்குப் பிறகும் நட்பு இருந்திருக்கிறது. குறித்துக்கொள்கிறேன்.

#11 தேன்சிட்டு

இவ்வளவு நாள் சும்மா வாசித்துவிட்டுப் போகிறவள், இன்று ஒரு கேள்வி. என் மகளுக்கு ஐந்து வயது. பென்சில் முனை உடைந்ததும் என்னிடம் நீட்டி ‘அம்மா, இதை அன்பிரேக் பண்ணு’ என்றாள். தண்ணீர் கொட்டியபோது ‘அன்ஸ்பில்’ கேட்டாள். அப்படி ஒரு வார்த்தை கிடையாது கண்ணு என்றேன். ‘ஏன் கிடையாது? ஷூ லேஸை அன்டை பண்ணலாம்தானே’ என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

#12 சுண்ணக்கட்டி

அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியை ஒரு பெரிய மனிதர் கேட்டிருக்கிறார். பெஞ்சமின் லீ வோர்ஃப், அமெரிக்கர். பிழைப்புக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்பு ஆய்வாளர், மனம் முழுக்க மொழியியல். 1941-இல் நாற்பத்து நான்கு வயதிலேயே போய்விட்டார்.

அவர் கவனித்தது இது. எந்த வினை வேண்டுமானாலும் இரண்டாவது ‘அன்’னை ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்கிறவற்றை வரிசையாக வையுங்கள்: கவர், காயில், டிரெஸ், ஃபாஸன், ஃபோல்டு, லாக், ரோல், டை, வைண்டு. மூடுவது, சுற்றுவது, உடுத்துவது, பிணைப்பது, மடிப்பது, பூட்டுவது, சுருட்டுவது, கட்டுவது, முறுக்குவது. ஏற்காதவை: பிரேக், ஹீட், லிஃப்ட், மெல்ட், ஓபன், ஸ்பில். உடைப்பது, சூடாக்குவது, தூக்குவது, உருக்குவது, திறப்பது, கொட்டுவது.

முதல் வரிசையில் இருப்பவையெல்லாம் ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துவைக்கிற, அல்லது சூழ்ந்து மூடுகிற செயல்கள். இந்தப் பொதுத்தன்மைக்கு ஆங்கிலத்தில் தனி விகுதி கிடையாது, பெயர்கூடக் கிடையாது. பள்ளியில் யாரும் சொல்லித்தருவதும் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதுக்கு எது ஒட்டும், எது ஒட்டாது என்று தெரிந்திருக்கிறது. இப்படி வெளியே அடையாளம் காட்டாத இனத்துக்கு அவர் கிரிப்டோடைப் என்று பேர் வைத்தார். மறைவகை என்று சொல்லலாம். அன்சே, அன்மேக் மாதிரி சில பழையவை இதற்குள் அடங்காமல் வெளியே நிற்கும், அதை விட்டுவிடுவோம்.

உங்கள் மகள் ‘அன்’னின் வேலையைச் சரியாகப் பிடித்துவிட்டாள். வேலி எங்கே இருக்கிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. திருத்த வேண்டாம். தானே கண்டுபிடித்துவிடுவாள், அதுவரை கேட்டு ரசியுங்கள்.

#13 நிரல்காரன்

ஐயா, இது எனக்கு இவ்வளவு நாள் புரியாத ஒன்றைப் புரியவைத்தது. ஃபாலோ, ஃப்ரெண்டு, சப்ஸ்கிரைப் எல்லாமே ஒருவரோடு இணைத்துக்கொள்கிற செயல்கள். மியூட் என்பது வாயை மூடுவது. அதனால்தான் அன்ஃபாலோ, அன்மியூட் எல்லாம் வந்த அன்றே பழகிவிட்டன. அன்சென்டு மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அனுப்புவது சேர்த்து மூடுகிற செயல் இல்லையே.

#14 தேன்சிட்டு

ரொம்ப நன்றி ஐயா. ‘வேலி எங்கே இருக்கிறது’ என்பதை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘அன்வேலி பண்ணு’ என்பாள்.

#15 கடைசிபெஞ்ச்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எனக்கு வினை, பெயரடை தத்துவமெல்லாம் அப்புறம். ‘அன்’ எப்போது, ‘இன்’ எப்போது? அன்ஏபிள் என்று எழுதுகிறோம், ஆனால் அதன் பெயர்ச்சொல் இன்எபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்கிரேட்ஃபுல், ஆனால் இன்கிராட்டிட்யூட். யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது.

#16 சுண்ணக்கட்டி

வேண்டுமென்று செய்ததில்லை, இரண்டு வீட்டுச் சாமான்கள் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘இன்’ லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்தது. முழுதாக லத்தீன் உடையில் இருக்கிற சொற்கள் ‘இன்’னோடு வரும். எபிலிட்டி, ஈக்வாலிட்டி மாதிரிப் பெயர்ச்சொற்கள் அப்படிப்பட்டவை. அவற்றின் பெயரடைகளோ ஆங்கிலத்தில் நன்றாகப் பழகி உள்ளூர்க்காரர்களாகிவிட்டதால் ‘அன்’னை எடுத்துக்கொண்டன. இது விதி இல்லை, சாய்வு மட்டும்தான்.

தேர்வுக்கு உதவுகிற மூன்று அடையாளங்கள் சொல்கிறேன். ‘இன்’ அடுத்த எழுத்துக்கு ஏற்ப முகம் மாற்றும்: இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர். ‘அன்’ எதற்கும் அசையாது: அன்பாப்புலர், அன்லிமிடெட், அன்ரியல். அடுத்தது, ‘டு’வில் அல்லது ‘இங்’கில் முடிகிற வினைவழிப் பெயரடையானால் பெரும்பாலும் ‘அன்’தான். அன்டிவைடட் என்றால் பிரிக்கப்படாத. அதே கருத்து ‘இபிள்’ என்று லத்தீன் வாலோடு வந்தால் இன்டிவிசிபிள், பிரிக்க முடியாத. அன்கரெக்டட் என்றால் திருத்தப்படாதது, இன்கரெக்ட் என்றால் தவறானது. திருத்தப்படாதது சரியாகவே இருக்கவும் வாய்ப்புண்டு! மூன்றாவது அடையாளம், அகராதி.

ஆங்கிலேயரும் இதில் நிலையாக இருந்ததில்லை. 1611-இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில் ‘அன்பாஸிபிள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில், 1776, பறிக்க முடியாத உரிமைகள் என்ற இடத்தில் ஜெஃபர்சனின் வரைவில் இருந்தது ‘இன்ஏலியனபிள்’. இறுதிப் படியில் அது ‘அன்ஏலியனபிள்’ ஆகிவிட்டது. ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழிலேயே இந்தக் குழப்பம் இருக்கும்போது, உங்களுக்கு ஒரு மதிப்பெண் போனால் பரவாயில்லை.

#17 காகிதக்கப்பல்

இன்னொரு கண்ணிவெடியையும் சொல்லிவிடுகிறேன். ‘இன்’னிலும் இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’. இன்னொன்று ‘உள்ளே’. இன்ஃப்ளேமபிள் என்பதில் இருப்பது ‘உள்ளே’, தீயைப் பற்றவைப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. எளிதில் தீப்பற்றும் என்பதுதான் பொருள். அதைத் ‘தீப்பற்றாது’ என்று யாராவது படித்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் முன்னொட்டை வெட்டி எறிந்துவிட்டு ஃப்ளேமபிள் என்று மட்டும் போடுகிறார்கள்.

#18 அகரமுதலி

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ‘அன்’னைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, நான் முதல் ‘அன்’னின் உறவுக்காரர்களைக் கூட்டிவருகிறேன். அவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அநியாயம், அசாத்தியம், அபூர்வம். இவற்றின் முன்னால் நிற்கும் ‘அ’ வடமொழியிலிருந்து வந்த மறுப்பு. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லாக இருந்தால் அது ‘அன்’ ஆகிவிடும். ஆவசியம், அநாவசியம். ஆதி, அநாதி. ஏகம் என்றால் ஒன்று, அநேகம் என்றால் ‘ஒன்று அல்லாதது’, ஆகவே பல. தினமும் அநேகமாக என்கிறோம், அதற்குள் ஒரு மறுப்பு உட்கார்ந்திருப்பது நினைவில் வருவதில்லை. கிரேக்கத்திலும் இதே கதை. மெய்யெழுத்துக்கு முன் ‘அ’, உயிருக்கு முன் ‘அன்’. ஆங்கில ‘அன்’, லத்தீன் ‘இன்’, கிரேக்க ‘அ’, வடமொழி ‘அ’ நான்கும் ஒரே இந்தோ ஐரோப்பிய மூலத்தின் கிளைகள்.

இதை ஒரே சொல்லில் காட்டுகிறேன். ‘அறி’ என்ற கருத்துக்கு இந்த மொழிகளில் ஒரு பொது வேர் உண்டு. அதன் முன்னால் மறுப்பைச் சேருங்கள். ஆங்கிலத்தில் அன்நோன், லத்தீன் வழியில் இக்னொரன்ட், கிரேக்க வழியில் அக்னாஸ்டிக், வடமொழி வழியில் அஞ்ஞானம். நாலும் உடன்பிறப்புகள். பாண்டவர்கள் பதின்மூன்றாம் ஆண்டில் இருந்த அஞ்ஞாதவாசமும், உலாவியில் நாம் திறக்கிற இன்காக்னிட்டோ சன்னலும் ஒரே வேர், ஒரே முன்னொட்டு. அனானிமஸ் என்பதையும் அநாமதேயம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் என்ற பொருளுள்ள ‘நாம’வும், அனானிமஸில் ஒளிந்திருக்கும் கிரேக்க ‘ஒனொமா’வும், ஆங்கில நேமும் சொந்தம்.

#19 ஆதிமொழி

எதற்கு இவ்வளவு சுற்று? ‘அன்’ தமிழ்தான். அன்மை என்றால் அல்லாத தன்மை. அன்மொழித்தொகை என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. அன்மொழி, அல்லாத மொழி. இங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. சொன்னால் யாரும் ஏற்கமாட்டீர்கள்.

#20 அகரமுதலி

அன்மொழித்தொகையை நினைவுபடுத்தியது நல்ல விஷயம், நானே அதை எழுத நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் அந்த ‘ன்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நல் என்பதோடு மை சேர்ந்தால் நன்மை. அல் என்பதோடு மை சேர்ந்தால் அன்மை. லகரம் மகரத்துக்கு முன் னகரமாகிறது, சாதாரணப் புணர்ச்சி. அல்லாத, அல்லேன், அல்லவா எல்லாவற்றிலும் வேரின் உண்மையான முகம் ‘அல்’ என்பது தெரியும். ஆங்கில ‘அன்’னிலோ னகரம் வேரிலேயே இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டது புணர்ச்சியால் வந்த தற்செயல்.

#21 ஆதிமொழி

தற்செயல் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

#22 மட்டுறுத்துநர்

இந்தக் கிளைவிவாதம் இத்துடன் போதும். மொழிகளின் மூத்த பிள்ளை யார் என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அது நானூறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே முன்னொட்டைப் பற்றி மட்டும்.

#23 கடைசிபெஞ்ச்

முன்னொட்டு மாதிரி வேஷம் போடுகிறவற்றையும் யாராவது சொல்லுங்களேன். மாதிரித் தேர்வில் ‘யுனானிமஸ்’ என்பதை எதிர்மறைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

#24 காகிதக்கப்பல்

அது லத்தீன் ஊனுஸ், அதாவது ஒன்று. ஒரே மனம், ஏகமனது. யூனியன், யூனிஃபார்ம், யூனிக் எல்லாம் அந்த ஒன்றின் பிள்ளைகள். யு, என் என்ற அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் அங்கிள் என்பது லத்தீன் அவுன்குலுஸ் என்ற மாமனிடமிருந்து வந்தவர். அண்டர் சொந்த ஆங்கிலம், எதையும் மறுக்காது. இந்த இரண்டு கூட்டமும் மோதிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ஒரே எழுத்துக்கோவையை வேதியியல்காரர் ‘அன்-அயனைஸ்டு’ என்று படிப்பார், அயனியாகாதது. தொழிற்சங்கத்துக்காரர் ‘யூனியனைஸ்டு’ என்று படிப்பார், சங்கம் அமைத்தது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

உண்மையான ‘அன்’ இருந்தும் துணையை இழந்தவையும் இருக்கின்றன. அன்கெம்ப்ட் என்றால் கலைந்த தலை, கெம்ப்ட் என்பது ‘சீவிய’ என்ற பொருளுள்ள பழைய வடிவம். அன்கூத் என்றால் நாகரிகமற்ற. கூத் என்றால் ஒருகாலத்தில் ‘அறிந்த’. அகரமுதலி காட்டிய அந்த அறி வேர்தான் அதுவும், ஆக அன்கூத்தும் அஞ்ஞானமும் பங்காளிகள். தமிழில் அனாதை இருக்கிறது, நாதை என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அது மாதிரி.

#25 ஒற்றுப்பிழை

மைக்கூடு வருவதற்குள் தொழில் சார்ந்து ஒன்று. ‘அன்’னுக்குப் பக்கத்து வீடுகள் ‘நான்’, ‘டிஸ்’. இவற்றைக் கலந்தால்தான் நிஜமான அடி விழும். எனக்கு விழுந்தது. நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டட் ஆக இருக்க வேண்டும் என்ற வரியை ‘ஆர்வமற்றவராக இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். அது அன்இன்ட்ரஸ்டட். டிஸ் போட்டால் சொந்த லாபம் எதுவும் இல்லாதவர், பாரபட்சமற்றவர். தூங்கி வழிகிற நீதிபதியை நான் சட்டமாக்கியிருப்பேன், நல்லவேளை அச்சுக்குப் போகவில்லை.

‘நான்’ என்பது இனம் பிரிக்கும், தீர்ப்புச் சொல்லாது. நான்-புரொஃபஷனல் என்றால் அதைத் தொழிலாகச் செய்யாதவர். அன்புரொஃபஷனல் என்றால் தொழிலுக்கு அழகில்லாமல் நடந்துகொண்டவர். முதலாவதைச் சொன்னால் தகவல், இரண்டாவதைச் சொன்னால் சண்டை. ‘அன்’னுக்கு இப்படி ஒரு குறைகூறும் குணம் உண்டு. நல்லதின் மேல் ஏறி உட்காரத்தான் அதற்குப் பிடிக்கும். அன்ஹாப்பி உண்டு, அன்ஸேட் கிடையாது. அன்கைண்டு உண்டு, அன்க்ரூயல் யாரும் சொல்வதில்லை. அன்செல்ஃபிஷ் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, ஆனால் சாய்வு தெளிவானது.

அன்ஹாப்பி என்றால் சோகம் என்று எழுதிவிடாதீர்கள். சந்தோஷத்துக்கும் சோகத்துக்கும் நடுவே ஒரு வெளி இருக்கிறது. ‘நாட் அன்ஹாப்பி’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த வெளியில்தான் நிற்கிறார்கள். நாம் ‘வருத்தம் இல்லாமலில்லை’, ‘தெரியாமலில்லை’ என்று இரட்டை மறுப்பு போடுவோமே, அந்த இழுவைதான். இதை மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் மொழிபெயர்க்கலாம்.

#26 மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. வரியை ‘பெட்டியிலிருந்து எடுத்த பொருள்களை’ என்று திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். அடுத்த பக்கத்திலேயே ‘அன்ரோல்டு பாய்’ வந்தது. சுருட்டாததா, சுருளைப் பிரித்ததா? ‘ஆத’ போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஓடியது. முந்தைய படத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது, அதனால் ‘விரித்த பாய்’ என்று போட்டுவிட்டேன். படம் இல்லாவிட்டால் மாட்டியிருப்பேன்.

#27 ஒற்றுப்பிழை

அதுதான் சரி. சோதனை இரண்டு கதவையும் திறந்துவிட்டால் முந்தைய வாக்கியத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள் தங்கை, பாதி நேரம் எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

#28 மட்டுறுத்துநர்

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் இன்றிரவு இழையைப் பூட்டுகிறேன்.

#29 வால்நட்சத்திரம்

பூட்டும் முன் ஒரு சந்தேகம். இந்த இழை அன்லாக்கபிளா?

#30 மட்டுறுத்துநர்

பூட்டிவிட்டேன். ஆக, முதல் பொருளில் இல்லை. இரண்டாவது பொருளுக்குத் தனிமடலில் காரணத்தோடு எழுதுங்கள்.